கோடு கிழித்தால் கோபமா?

இருண்ட வானத்திலே ஒளிப்பூ மலர்கிறது. செம்மலர் ஒன்று, பொன்மலர் ஒன்று, பச்சை மலர் ஒன்று! மலர்ந்த மறுகணமே உதிர்ந்து நீரிலே விழுகிறது. கரையிலே நிற்பவன் கைதட்டுகிறான். படகிலே இருப்பவனோ, “இன்னும் கொஞ்சம் கிட்டே போ!” என்று படகோட்டியை விரட்டுகிறான்.

அந்த ‘இன்னும் கொஞ்சம்’ பற்றித்தான் இன்று எழுத வந்திருக்கிறேன்.

துறைமுகப் பட்டினங்களிலே, விழா நாளன்று நீர்மேல் வாணவேடிக்கை நடத்துவது வழக்கமாகிவிட்டது. ஹாங்காங்கிலே நடக்கிறது, சிட்னியிலே நடக்கிறது, நியூயார்க்கிலே நடக்கிறது. வாணங்களை ஏற்றிய தட்டைப் படகு நடுநீரிலே நிற்கும். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் படகுகளிலே கூடுவர். அதனால் துறைமுக அதிகாரிகள் ஓர் எல்லை வகுக்கிறார்கள். ‘இந்த நேரம் முதல் அந்த நேரம் வரை, இந்தக் கோட்டுக்குள் எந்தப் படகும் நுழையக்கூடாது, நுழைந்தால் தண்டனை’ என்கிறார்கள்.

சொன்ன மாத்திரத்திலே எழுகிறது கூக்குரல்! “கடல் என்ன இவர்கள் வீட்டுக் கிணறா? காற்றுக்கு வேலி உண்டா? நீருக்கு வேலி உண்டா? காசு கொடுத்துப் படகு வாங்கியவன், கண்குளிரக் காண்பதற்கும் தடையா? களிப்பு நாளிலே கட்டளை எதற்கு?” இப்படிக் கேட்கிறார்கள், உல்லாசப் படகுக்கு உரிமை கொண்டாடும் கனவான்கள். சுதந்திரத்தின் பெயரால் கேட்கிறார்கள். சுவையாகத்தான் இருக்கிறது கேள்வி. ஆனால் தோழர்களே, அந்தக் கேள்விக்குக் கடல் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அதைத்தான் எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

2012-ம் ஆண்டு, அக்டோபர் முதல் நாள். சீனத்தின் தேசிய நாள். ஹாங்காங்கின் விக்டோரியா துறைமுகத்திலே அன்றிரவு வாணவேடிக்கை. லாம்மா என்ற தீவிலே ஒரு மின்சார நிலையம் இருக்கிறது. அந்த மின்சாரக் கம்பெனி, தன் ஊழியர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் வேடிக்கை காட்ட அழைத்துச் சென்றது. படகின் பெயர் ‘லாம்மா 4’. ஏறியவர்கள் 124 பயணிகள், பணியாளர் மூவர். ஆண்டெல்லாம் உழைத்தவன், ஒரு நாள் மனைவி மக்களோடு மகிழ்ந்திருக்கப் புறப்பட்ட பயணம் அது. மடியிலே குழந்தை, மனத்திலே மத்தாப்பு!

இரவு சுமார் 8 மணி 20 நிமிடம். எதிரே வந்தது ‘ஸீ ஸ்மூத்’ என்ற பயணிகள் படகு. மோதல்! ‘லாம்மா 4’-ன் பின்புறம் பிளந்தது. நீர் பாய்ந்தது. இரண்டே நிமிடங்களுக்குள் அதன் பின்பகுதி நீரில் ஆழ்ந்து, முன்பகுதி வானை நோக்கி நிமிர்ந்துவிட்டது. மேல்தளத்து இருக்கைகள் பெயர்ந்து, அமர்ந்திருந்தவர்கள்மீதே சரிந்தன. மாண்டவர் 39 பேர். அவர்களிலே எட்டுப் பேர் குழந்தைகள்.

வாணம் பார்க்கப் போனவர்கள்! வாணம் வெடித்து அல்ல, வாணம் வெடிப்பதற்கு முன்பே, வேடிக்கை நடக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே மடிந்தார்கள்.

விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். நீதிபதி மைக்கேல் லன் தலைமையிலே அது ஆராய்ந்து, 2013 ஏப்ரலில் அறிக்கை தந்தது. இரு படகுகளிலும் சரியான கண்காணிப்பு இல்லை என்று கண்டது. அதோடு நின்றதா? இல்லை. படகின் அடிவயிற்றிலே, நீர் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் பரவாமல் தடுக்கவேண்டிய கதவு ஒன்று இல்லவே இல்லை என்பதையும் கண்டது! கதவு இருக்கவேண்டிய இடத்திலே வெறும் வாசல். அந்தப் படகைப் பல ஆண்டுகள் பலமுறை பரிசோதித்துச் சான்று அளித்தார்களே அதிகாரிகள், அவர்களிலே ஒருவர் கண்ணிலும் படவில்லை அந்த வாசல்! குழந்தைகளுக்கு ஏற்ற உயிர்காப்புச் சட்டை ஒன்றுகூடப் படகிலே இல்லை. குழந்தைகளுக்குச் சட்டை வேண்டும் என்ற விதி 2007-லேயே வந்துவிட்டது. பழைய படகுகளிடம் அதை வற்புறுத்தாமல் விட்டுவிட்டது துறை.

விதி இருந்தது, ஏட்டிலே! கதவு இருந்தது, வரைபடத்திலே! குழந்தைகள் இருந்தார்கள், கடலிலே!

சுக்கான் பிடித்த இருவர்மீதும் வழக்கு நடந்தது. 2015-ல் ஒருவருக்கு 8 ஆண்டு, மற்றவருக்கு 9 மாதம் சிறை. அதிகாரிகள் சிலர்மீதும் வழக்கு வந்தது. துறைக்குள் நடந்த விசாரணையோ, 17 அதிகாரிகளின் நடத்தையிலே குறை இருக்கக்கூடும் என்று 2014-ல் கூறியது. ஆனால் முழு அறிக்கையை மக்கள் கையிலே தரவில்லை, சுருக்கத்தைத்தான் தந்தார்கள். இழந்தோர் குடும்பத்தினர் அயர்ந்துவிடவில்லை. ‘எங்கள் பிள்ளைகள் எப்படி மாண்டார்கள் என்பதை மரண விசாரணை மன்றத்திலே கூறுங்கள்’ என்று கேட்டார்கள். மறுத்தார்கள். மேல்முறையீடு செய்தார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2025-ல்தான் விசாரணை தொடங்கிற்று. எண்ணிப் பாருங்கள்: இரண்டு நிமிடத்திலே மூழ்கிற்று படகு, ஏன் மூழ்கிற்று என்று கேட்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் பிடித்தது!

“பார்த்தீரா, பார்த்தீரா! அந்த விபத்து வாணம் விடும் வட்டத்துக்கு வெளியே, வெகு தொலைவிலே நடந்தது. நீர் போற்றும் கோடு அதைத் தடுத்ததா? பின் கோடு எதற்கு?” என்று குறுக்கே பாய்கிறார் நமது கனவான். நல்ல கேள்வி! அவரிடமுள்ள கேள்விகளிலே இதுதான் உருப்படியானது. ஆகவே இதற்கு உருப்படியாகவே பதில் கூறவேண்டும்.

முதலில், அந்தக் கோடு என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1123 என்ற எண்ணுள்ள விதி ஒன்று வகுத்திருக்கிறது. வாணக் குண்டின் குறுக்களவிலே ஓர் அங்குலத்துக்கு 70 அடி தூரம் என்பது அதன் கணக்கு. 6 அங்குலக் குண்டு என்றால் 420 அடிக்கு அப்பால்தான் மக்கள் நிற்கவேண்டும். 12 அங்குலக் குண்டு என்றால் 840 அடி. மேலே போகவேண்டிய குண்டு, போகாமல் தாழவே வெடிக்கலாம்; சாய்ந்து பறக்கலாம்; வெடிக்காமலே விழலாம். அப்போது அந்த வட்டத்துக்குள் மனிதத் தலை ஒன்றும் இருக்கக்கூடாது. கணக்கின் பொருள் அவ்வளவே. அது அதிகாரியின் ஆணவம் அல்ல, வெடிமருந்தின் இலக்கணம்!

அந்த இலக்கணத்துக்கு உரை எழுதிற்று ஓர் இரவு. அதே 2012-ம் ஆண்டு, ஜூலை 4. அமெரிக்கர்களின் சுதந்திர நாள். மேற்குக் கரையிலே சான் டியாகோ விரிகுடா. கால்மணி நேரத்துக்கு மேல் நடக்கவேண்டிய வாணவேடிக்கை. கணிப்பொறி ஆணையிலே பிழை நேர்ந்தது. ஆயிரக்கணக்கான வாணங்கள், பல மிதவைகளிலிருந்து, சுமார் 15 விநாடிகளுக்குள் ஒருசேர வெடித்துத் தீர்ந்தன! நெருப்பு மதில் ஒன்று நீரிலிருந்து எழுந்தது போலிருந்தது காட்சி. எத்தனை பேர் மாண்டனர்? ஒருவரும் இல்லை. காயம் பட்டவர்? அவரும் இல்லை. ஏன்? கோடு இருந்தது, கோட்டுக்கு அப்பால் படகுகள் நின்றன. இயந்திரம் தவறிற்று, இடைவெளி தவறவில்லை.

அதே நாள் இரவு. அதே நாடு. கிழக்குக் கரையிலே, நியூயார்க்கை அடுத்த ஆய்ஸ்டர் விரிகுடா. அங்கே வாணங்கள் ஒழுங்காக வெடித்தன. ஒரு பிழையும் இல்லை. வேடிக்கை முடிந்து படகுகள் கரை நோக்கித் திரும்பின. 34 அடி நீளமுள்ள ஒரு படகிலே 27 பேர் இருந்தார்கள். படகு கவிழ்ந்தது. கீழ் அறையிலே இருந்த மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் மாண்டார்கள்.

ஒரே இரவு, தோழர்களே! ஒரு கரையிலே வேடிக்கை முழுதும் பாழாயிற்று. உயிர் ஒன்றும் போகவில்லை. மறு கரையிலே வேடிக்கை வெற்றியாக முடிந்தது. மூன்று பிஞ்சுகள் போயின. இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பாருங்கள். நெருப்பை அடக்கக் கோடு கிழித்தோம், நெருப்பு தோற்றது. படகுகளுக்கோ கோட்டோடு கடமை முடிந்தது என்று விட்டோம். படகு வென்றது, குழந்தைகள் தோற்றனர். 2014 ஜூலை 4 அன்று மயாமியின் பிஸ்கேன் விரிகுடாவிலும் அதே கதைதான். வேடிக்கை முடிந்து திரும்பும் நேரம், இருட்டிலே படகுகள் மோதி நால்வர் மாண்டனர்.

ஆகவே நமது கனவானின் கேள்விக்குப் பதில் இது: கோடு பயனற்றது என்பதல்ல பாடம், கோடு போதாது என்பதே பாடம்! வட்டத்துக்குள் வராதே என்றால் மட்டும் போதாது. வட்டத்தை நோக்கி வரும் வழியும், வட்டத்தை விட்டுத் திரும்பும் வழியும், வரும் படகின் வயிறும் வகையாக இருக்கவேண்டும்.

ஏன் அந்த வழி அவ்வளவு ஆபத்தானது? அண்ணாந்து ஒளியையே பார்த்திருந்த கண், இருட்டுக்குப் பழகச் சுமார் அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணியிலேதான் அத்தனை படகுகளும் நங்கூரத்தைத் தூக்குகின்றன. புகை மூட்டம் நீர்மேல் படிந்திருக்கிறது. கரையிலே ஆயிரம் விளக்கு. அவற்றினிடையே எதிர்ப்படகின் சிறு விளக்கு எது என்று தெரிவதில்லை. எல்லோருக்கும் ஒரே அவசரம், வீடு! அதற்கு முன்போ, வாணம் எந்தப் பக்கம் மலர்கிறதோ அந்தப் பக்கம் கூட்டமெல்லாம் ஓடுகிறது. மேல்தளத்திலே ஏறி நிற்கிறது. பாரம் மேலே ஏற ஏற, படகின் நிலை தடுமாறுகிறது. இத்தனைக்கும் மேலாக, சுக்கான் பிடிப்பவனே சிறிது ‘உற்சாகம்’ ஏற்றிக்கொண்டிருந்தால் கேட்கவா வேண்டும்?

இங்கே ஓர் இடைக்காட்சி சொல்ல அனுமதியுங்கள். நாடகக்காரன் அல்லவா நான்!

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகம் என்று அலையத் தொடங்கிய காலம். நான் எழுதிய சரித்திர நாடகம் ஒன்றிலே கோட்டைப் போர் வருகிறது. பீரங்கி வெடிப்பதற்குக் கொஞ்சம் மருந்து வைப்போம். எங்கள் குழுவிலே பெரியவர் ஒருவர் இருந்தார். திரை இழுப்பது முதல் மருந்து திணிப்பது வரை அவர் பொறுப்பு. ஒத்திகையின்போது மேடையிலே சுண்ணாம்புக் கட்டியால் ஓர் அரைவட்டம் போட்டார். “தம்பி, வெடிக்கிறப்போ கதாநாயகன் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “ஐயா, மேடையிலே பாதியை நீங்களே எடுத்துக்கொண்டால், என் வீரன் வீரவசனத்தை எங்கே நின்று பேசுவான்? பீரங்கியின் வாயருகே நின்று பேசினால்தானே கைதட்டல்?” என்றேன். பெரியவர் வாதாடவில்லை. “அப்படின்னா மருந்து வைக்கமாட்டேன்” என்றார், அவ்வளவுதான். வேறு வழியின்றி இணங்கினேன். மூன்றாம் நாள் நாடகத்திலே, மருந்து அடைத்த குழாய் பிளந்தது. தீப்பொறி சிதறி, அரைவட்டத்துக்குள் விரித்திருந்த துணி எரிந்து ஓட்டையாயிற்று. நான் வீரனை நிறுத்த விரும்பிய இடம் அது! கொட்டகையிலே கைதட்டல், காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள் மக்கள். திரைக்குப் பின்னே என் கால்கள் நடுங்கின. நாடகம் முடிந்து பெரியவரிடம் போனேன். “கோட்டைக் கொஞ்சம் பெரிசாப் போட்டுக்கட்டுமா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து, கோடு கிழிப்பவனைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. கோட்டை யாருக்குக் கிழித்தான், எல்லோருக்கும் ஒன்றாகக் கிழித்தானா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஆம், அதுவும் கேட்கப்படவேண்டிய கேள்விதான். உல்லாசப் படகுக்காரரின் உரிமைக் குரலை ஒதுக்கிவிடலாம். ஆனால் உழைப்பவனின் குரல் ஒன்று இருக்கிறது. வலை வீசிப் பிழைப்பவன் கேட்கிறான், “ஒரு நாள் துறையை மூடினால் என் உலை கொதிப்பது எப்படி?” பயணிகள் படகிலே வேலை செய்பவன் கேட்கிறான், “தீவிலே இருப்பவன் வீடு திரும்புவது எப்படி?” இந்தக் குரலைக் கேலி செய்பவன் நமக்குத் தோழன் அல்லன். இதற்கு நியாயமான விடை உண்டு. நாள் முன்னதாக அறிவிக்கட்டும். எந்தப் பகுதி, எந்த மணி முதல் எந்த மணி வரை என்று வரைபடம் போட்டு ஒட்டட்டும். சிட்னியிலே ஆண்டின் கடைசி இரவுக்கு அப்படித்தான் வெளியிடுகிறார்கள். பயணிகள் படகுக்குத் தனி வழி விடட்டும். தொழில் இழப்பவனுக்கு, விழா நடத்தி விளம்பரம் தேடுபவன் ஈடு கொடுக்கட்டும். வாணத்துக்குக் கோடி இருக்கும்போது வலைக்காரனுக்குக் கூலி இல்லாமலா போய்விடும்?

ஆனால் ஒன்று. ஏழையின் தோணியை விரட்டிவிட்டு, சீமான் ஒருவரின் வெள்ளைப் படகு கோட்டுக்குள் மிதப்பதைக் கண்டும் காணாததுபோல் காவற்படகு திரும்பிக்கொள்ளுமானால், அது பாதுகாப்பு அல்ல, பாரபட்சம்! அதிகாரியின் விருந்தினர், அமைச்சரின் சுற்றத்தார், நன்கொடை தந்த நல்லவர் என்று ஒருவருக்கு வழிவிட்டால், அடுத்தவன் கோட்டை மதிக்கமாட்டான். மதிக்கவேண்டும் என்று கேட்கும் தகுதியும் அரசுக்கு இராது. நெருப்புக்கு நன்கொடையாளர் பட்டியல் தெரியாது.

பின் என்ன வேண்டும் என்கிறீர்கள்? ஹாங்காங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். 39 உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. வாணவேடிக்கை இரவுகளிலே, படகிலே உள்ள குழந்தைகள் உயிர்காப்புச் சட்டையை அணிந்தே இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். பெட்டியிலே பூட்டிவைப்பது அல்ல, உடம்பிலே அணிவது! ஏறியவர் யார் யார் என்ற பட்டியல் வைத்திருக்கவேண்டும் என்றார்கள். காரணம், படகு மூழ்கினால் எத்தனை பேரைத் தேடுவது என்பதாவது தெரியவேண்டுமல்லவா?

இவற்றோடு இன்னும் வேண்டும். திரும்பும் நேரம் எல்லோரும் ஒருசேரப் பாயாமல், பகுதி பகுதியாக விடவேண்டும். ஒரு வழியிலே வந்து ஒரு வழியிலே போகவேண்டும். வேகத்துக்கு எல்லை வேண்டும். கரையை விட்டுக் கிளம்பும்போதே தலைகளை எண்ணவேண்டும். குடித்தவன் கையிலிருந்து சுக்கானைப் பிடுங்கவேண்டும். இவற்றிலே எதற்கும் புது விஞ்ஞானம் தேவையில்லை. கண் வேண்டும், கடமை உணர்ச்சி வேண்டும், ‘முடியாது’ என்று சொல்லும் முதுகெலும்பு வேண்டும்.

“எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறதே!” என்பார் ஆளவந்தார். இருக்கிறது ஐயா! ‘லாம்மா 4’-லும் எல்லாம் இருந்தது, காகிதத்திலே! விபத்து நடந்த மறுநாள், சுக்கான் பிடித்தவனைச் சுட்டிக்காட்டுவது எளிது. அவன் குற்றம் செய்திருந்தால் தண்டனை பெறட்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதவில்லாத படகுக்குக் கையெழுத்திட்ட கைக்கு என்ன பெயர்? விதியை எழுதி, அமுலாக்காமல் தூங்கிய துறைக்கு என்ன பெயர்? ஆட்சி என்பது விழாவுக்குத் தேதி குறிப்பது மட்டுமல்ல. விழாவுக்குப் போனவனை வீடு கொண்டுவந்து சேர்ப்பதும் ஆட்சிதான்.

ஹாங்காங் கதை நமக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். கடல் கடந்த ஊராயினும், கூட்டத்தின் இயல்பு ஒன்றுதான். மாநாட்டுப் பந்தலிலே கயிறு பிடித்து நிற்கும் தொண்டனைக் கேளுங்கள். தலைவர் மேடையேறும் நேரம், அந்தக் கயிற்றின் மீது எத்தனை ஆயிரம் நெஞ்சுகள் வந்து மோதுகின்றன என்பதை அவன் சொல்வான். மோதுபவர் எல்லாம் நம்மவர், நல்லவர், அன்பின் மிகுதியால் வருபவர். அவர்களும் கேட்கிறார்கள், “இன்னும் கொஞ்சம் கிட்டே போகிறேனே!” என்று. கயிறு பிடித்தவன் வசை வாங்குகிறான், சட்டை கிழிகிறது, கை காய்க்கிறது. கூட்டம் முடிந்து அத்தனை பேரும் வீடு போய்ச் சேர்ந்தபின், அவனுக்கு நன்றி சொல்வார் எவருமில்லை. ஏன்? நடக்காத விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

சான் டியாகோவிலே அன்று உயிரோடு வீடு திரும்பியவர்களும் அப்படித்தான். ‘வேடிக்கை பாழாயிற்றே’ என்றுதான் வருந்தியிருப்பார்கள். வருந்தட்டும்! பாழான வேடிக்கைக்கு அடுத்த ஆண்டு உண்டு. ஆய்ஸ்டர் விரிகுடாவின் மூன்று குழந்தைகளுக்கு, லாம்மாவின் எட்டுக் குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டு ஏது?

ஆகவே தோழர்களே, நமது ஊரிலே நாளை ஒரு நீர்க்கரையிலே விழா நடந்தாலும், நடத்துபவர் நம்மவரே ஆனாலும், மூன்று கேள்வி கேளுங்கள்: கோடு எங்கே? திரும்பும் வழி எது? குழந்தையின் மேலே சட்டை எங்கே? பதில் இல்லையென்றால் வாணம் வேண்டாம் என்று சொல்லுங்கள். என் நாடகக் கொட்டகைப் பெரியவர் அப்படித்தான் சொன்னார். அவர் எந்தச் சட்டமும் படித்தவர் அல்லர். ஆனால் என் வீரன் அன்றிரவு வசனத்தை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.